மாதம் ஐயாயிரத்து முப்பத்திரண்டு டாலர்

கிட்டிமாட்
8 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு லெவ்கோ எழுதுவது.

இங்கே நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. மழை மட்டும் விடவில்லை. உங்கள் முழங்கால் எப்படி, அம்மா எப்படி என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டும். நிலத்தை விற்றுவிட்டீர்களா?

ஸ்தெஃபா சித்தி போனில் சொன்னபோது நான் ஆலையில் வால்வுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலில் நம்பவில்லை. இரண்டு குவார்ட்டர், முன்னூற்று இருபது ஏக்கர், பக்கத்துப் பண்ணை எல்மர் நைகார்டுக்குக் கைமாறிவிட்டது என்றாள். வந்த ஐந்து லட்சத்து நாற்பத்து நாலாயிரம் டாலரை முழுசாக ஒரே ஃபண்டில் போட்டுவிட்டீர்களாம். அதுவும் கவர்டு கால் ஃபண்டில். படித்த பிள்ளை ஒருவன் இருக்கிறானே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவே இல்லையா?

உங்களுக்குப் போனில் காது கேட்காது. கணினியைத் தொடமாட்டீர்கள். ஆகவே ஸ்டாம்ப் ஒட்டித்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஃபண்டு என்ன செய்கிறது தெரியுமா? நம் நிலத்தை வைத்தே சொல்கிறேன். நிலம் உங்களுடையது. எல்மர் வந்து, "இந்த மாசக் கடைசிக்குள்ள நான் ஆசைப்பட்டா ஏக்கர் ரெண்டாயிரத்துக்கு எனக்கே குடுத்துடணும்" என்று ஒப்பந்தம் போட்டு, அதற்காக உங்கள் கையில் கொஞ்சம் பணம் தருகிறான். விலை மூவாயிரத்துக்குப் போனால் லாபம் அவனுக்கு. ஆயிரத்துக்கு விழுந்தால் அவன் போய்விடுவான், நஷ்டம் உங்களுக்கு. மாதாமாதம் இதையே செய்கிறது அந்த ஃபண்டு, நிலத்துக்குப் பதில் பங்குகளை வைத்து. போதாததற்குக் கடன் வாங்கி வேறு பங்கு வாங்குகிறார்கள். சில மாதம் உங்கள் முதலிலிருந்தே கிள்ளி எடுத்து, வருமானம் என்று உங்களிடமே கொடுப்பார்கள்.

உடனே பதில் போடுங்கள். வங்கி தந்த தாள்களின் நகலும் வேண்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லெவ்கோ

*

கனோரா
24 செப்டம்பர் 2024

பிரியமுள்ள மகன் லெவ்கோவுக்கு,

உன் இருமல் நின்றதில் நிம்மதி. ஈரமான ஊர், கழுத்தை மூடிக்கொண்டு போ. என் முழங்கால் பழையபடிதான், படியில் மட்டும் முறைக்கிறது.

விற்றது உண்மை. உன்னைக் கேட்காதது தப்பென்றால் தப்புதான். கேட்டிருந்தால் நீ கணக்குப் போட்டு அனுப்பியிருப்பாய். அது வந்து சேர்வதற்குள் யார்க்டன் முதியோர் இல்லத்தில் அந்த அறை போயிருக்கும்.

உன் அம்மாவை மூன்றாம் தேதி அங்கே சேர்த்தேன். ஆகஸ்டில் இரண்டு முறை அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துவிட்டாள். ஒரு முறை ஹைவேயில் நடந்துகொண்டிருந்தவளை எண்ணெய் லாரிக்காரன் கூட்டிவந்து விட்டான். அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. தானிய உலர்த்தியோடு நாற்பது வருடம் நின்ற காது இது. அறை சுத்தமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம், அது ஒன்றுதான் குறை. மாதம் நாலாயிரத்து எழுநூறு டாலர்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் மாதத்துக்கு ஆயிரத்து நானூற்று சொச்சம் வரும். மீதிக்கு எங்கே போவது? வங்கியில் இருக்கிற கெண்ட்ராவிடம் கேட்டேன்.

"இருபது டாலருக்கு ஒரு யூனிட். ஒவ்வொண்ணுக்கும் மாசம் பதினெட்டரை சென்ட். உங்களுக்கு ஐயாயிரத்து முப்பத்திரண்டு டாலர் வரும், மிஸ்டர் ஹ்ராப்சுக். ஆறாம் தேதி கணக்குல வந்து உட்காந்துடும்" என்றாள்.

"மழை பெய்யலேன்னா?"

"பெய்யாட்டியும் வரும்."

"ஆலங்கட்டி?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஆலங்கட்டியும் ஒண்ணும் பண்ணாது. ஆனா விலை ஏறும், இறங்கும். தொகையும் குறையலாம். அதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்." படித்தேன்.

நீ எழுதிய நிலக் கதையும் புரிந்தது. அறுவடைக்கு முன்னாலேயே கனோலா விளைச்சலை விலை பேசி விற்றவன் நான். பேசிய பிறகு விலை எகிறிய வருடமும் உண்டு. அதற்காக நான் அழுததில்லை. மேலே போகிற லாபம் எனக்கு வேண்டாம், எவனோ எடுத்துக்கொள்ளட்டும். நிலத்தின் விலையை யார் தினமும் பார்த்தார்கள்? விளைச்சலைத்தான் பார்ப்போம். மாதாமாதம் வரட்டும். உன் அம்மா அந்த அறையில் இருக்கட்டும்.

கூட்டுறவுக் கடையில் காலைக் காபிக்குக் கூடும் கூட்டம் உனக்குத் தெரியுமே. எல்மர் எல்லார் முன்னாலும் கேட்டான். "என்ன ஒரெஸ்ட், நிலத்தை என்கிட்ட தள்ளிட்டு காகிதம் வாங்கியிருக்கியாமே?"

"ஆமா. நீ என் வயல்ல கல்லு பொறுக்கு. நான் தபால்பெட்டியத் திறந்து மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றேன். மேசையே சிரிப்பில் ஆடியது.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தபோது வா.

அன்புடன்,
அப்பா

*

கிட்டிமாட்
9 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

சுகம். தாமதத்துக்குக் காரணம் வேலை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இருபத்தொரு நாள் தொடர்ச்சி.

நீங்கள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. தாள்களின் நகல் வரவில்லை. நானே அந்த ஃபண்டின் ஐந்து வருட விவரத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அட்டவணை இணைத்திருக்கிறேன், மூன்று பக்கம். பச்சைக் கோடு சாதாரணப் பங்கு ஃபண்டு. சிவப்புக் கோடு உங்களுடையது. குழந்தைக்கும் புரியும்.

செய்ய வேண்டியது எளிது. சாதாரண ஃபண்டில் போட்டு, மாதம் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு யூனிட்டை விற்றுக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போது வாங்குவதும் அரைவாசி அதுதான், வேறு பெயரில்.

கூட்டுறவுக் கடை மேசையில் கைதட்டு வாங்குவதற்காக முதலீடு செய்யாதீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

லெவ்கோ

*

கனோரா
20 டிசம்பர் 2024

பிரியமுள்ள லெவ்கோவுக்கு,

குளிர் எப்படி? இங்கே கழித்தல் முப்பத்தொன்று. லாரிக்கு ராத்திரியெல்லாம் மின்வயர் மாட்டி எஞ்சினைச் சூடாக வைக்க வேண்டியிருக்கிறது. நான் நலம்.

தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் உன் நவம்பர் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அட்டவணையைப் பார்த்தேன். பச்சைக் கோடு மேலே போகிறது, சரி.

ஆனால் மாதாமாதம் கொஞ்சம் விற்றுக்கொள் என்கிறாயே, அதுதான் என் தொண்டையில் இறங்கவில்லை. உன் தாத்தா பஞ்சத்திலும் ஒரு ஏக்கரை விற்றுச் சாப்பிடவில்லை. நான் விற்றேன், ஒரே தடவை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. இனி மாதாமாதம் உட்கார்ந்து துண்டு துண்டாக விற்கச் சொன்னால் என் கை வராது. இது புத்தியா முட்டாள்தனமா என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியாது.

ஆறாம் தேதி ஆறாம் தேதி பணம் வருகிறது. ஏழாம் தேதி நான் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய் அறைவாடகையைக் கட்டிவிட்டு, உன் அம்மாவோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன். போன முறை பெரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்திப் பார்த்து, "இதை யாரு பண்ணினா? மாவு ரொம்பத் தடி" என்றாள். சமையல்காரி முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கு இன்னும் மேலேதான் இருக்கிறது உன் அம்மாவுக்கு.

ஜனவரி ஆறாம் தேதி, பழைய நாட்காட்டிப்படி வரும் நம் கிறிஸ்துமஸ் இரவுக்கு, அவளை வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி வாங்கியிருக்கிறேன். ஸ்தெஃபா பன்னிரண்டு பதார்த்தமும் செய்கிறாள். நீயும் வந்தால் மேசை நிறையும்.

அன்புடன்,
அப்பா

*

கனோரா
16 மார்ச் 2025

பிரியமுள்ள லெவ்கோவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கிறிஸ்துமசுக்கு நீ வரவில்லை, பதிலும் காணோம். ஆலையில் வேலை நெருக்குகிறது என்று ஸ்தெஃபா சொன்னாள். சரி.

குளிர்காலத்தில் குடலிறக்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது. டாக்டர் இடுப்புப் பட்டை போடச் சொன்னார், போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். இந்த மாதத்திலிருந்து பதினெட்டரை சென்ட்டைப் பதினைந்தாகக் குறைத்துவிட்டார்கள். நாலாயிரத்து எண்பதுதான் வந்தது. வாடகைக்கு அறுநூற்று இருபது குறைகிறது. என் பென்ஷனிலிருந்து போட்டுக் கட்டிவிட்டேன், கஷ்டம் இல்லை. காபியை வீட்டிலேயே குடித்துக்கொண்டால் ஆயிற்று.

கெண்ட்ரா, "இப்படியே விட்டுடுங்க, சமாளிச்சுடலாம்" என்கிறாள். எல்மர், "ஓடு ஓடு, வித்துட்டு ஓடு" என்கிறான். இரண்டு பேரையும் கேட்டாயிற்று. நீ படித்தவன். என்ன செய்யலாம், சொல்.

உன் அம்மாவை அந்த அறையிலிருந்து எடுக்காமல் இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான்.

அன்புடன்,
அப்பா

*

கிட்டிமாட்
4 ஏப்ரல் 2025, வெள்ளி
(விரைவுத் தபால்)

அப்பாவுக்கு,

நலம். நேரம் இல்லை, நேராக வருகிறேன்.

நேற்றும் இன்றும் பங்குச் சந்தை விழுந்த வேகத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் யூனிட் இருபதிலிருந்து பதினைந்துக்கு வந்துவிட்டது. கடன் வாங்கிப் பங்கு வைத்திருக்கிற ஃபண்டு இது, இறங்கினால் மற்றதைவிட வேகமாக இறங்கும். ஏறும்போது பாதி ஏற்றத்தை ஏற்கெனவே விற்றுவிட்டிருப்பார்கள். செப்டம்பரிலேயே சொன்னேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வங்கிக்குப் போங்கள். எல்லா யூனிட்டையும் விற்றுவிடுங்கள். பாதி வைக்கிறேன், கால் வைக்கிறேன் என்று பேரம் வேண்டாம். வருகிற பணத்தை டெபாசிட்டில் போடுங்கள். எது அதிக வட்டி தருகிறதோ அதில். கெண்ட்ரா ஏதாவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அம்மாவுக்கான மாதத் தொகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தடவை நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

லெவ்கோ

*

கனோரா
12 ஏப்ரல் 2025

பிரியமுள்ள லெவ்கோவுக்கு,

நலமா? இங்கே பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. நான் சுகம். அம்மா சுகம்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். புதன்கிழமை காலை ஒன்பதுக்குத் தபால் நிலையம் திறந்ததும் உன் கடிதம் கிடைத்தது. பத்து மணிக்கு வங்கியில் இருந்தேன்.

"மிஸ்டர் ஹ்ராப்சுக், ரெண்டு நாள் பொறுக்கலாமே?" என்றாள் கெண்ட்ரா.

"என் மகன் இஞ்சினியர். எழுதியிருக்கான், பாரு."

படித்தாள். மறுபடி படித்தாள். "அதிக வட்டின்னா அஞ்சு வருஷ டெபாசிட், மூணே முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆனா நடுவுல எடுக்க முடியாது. வட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடுவுல பணம் தேவைப்படுமா?"

கடிதத்தில் பார்த்தேன். எது அதிகமோ அதில் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

யூனிட் பதினாலு அறுபதுக்குப் போனது. மூன்று லட்சத்து தொண்ணூற்று ஏழாயிரத்து நூற்று இருபது டாலர். மதியம் வீடு திரும்பி ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டால், அமெரிக்காவில் என்னவோ அறிவித்தார்களாம், சந்தை ஒரேயடியாக எழும்பிவிட்டதாம். மறுநாள் கடையில் என் காபிக்கும் சேர்த்து எல்மரே காசு கொடுத்தான்.

மாதத் தொகை பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதியிருந்தாய். நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புடன்,
அப்பா

*

கிட்டிமாட்
18 மே 2025

அப்பாவுக்கு,

சுகம். நல்ல காரியம் செய்தீர்கள், கடைசியில். சந்தை திரும்ப ஏறியிருக்கிறதே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது நிலைக்காது. இனி ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூன் கடைசியில் ஆலையிலிருந்து எரிவாயு ஏற்றிய முதல் கப்பல் கிளம்புகிறது. அதுவரை மூச்சுவிட முடியாது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

லெவ்கோ

*

கனோரா
6 ஜூலை 2025

பிரியமுள்ள லெவ்கோவுக்கு,

உங்கள் கப்பல் கிளம்பியதைச் செய்தித்தாளில் பார்த்தேன். படத்தில் தலைக்கவசம் போட்டவர்களில் நீ யாரென்று தேடினேன், தெரியவில்லை. சந்தோஷம்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை சும்மா இல்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டேன்.

அம்மா சுகம். சாப்பாடு நன்றாக இறங்குகிறது. காலையில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்மரின் கனோலா மஞ்சளாகப் பூத்திருப்பதைப் பார்க்கிறாள். "நம்ம வயலு இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்கிறாள். ஆமாம் என்றேன்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா

*

கனோரா
10 ஆகஸ்ட் 2025

லெவ்கோவுக்கு உன் சித்தி ஸ்தெஃபா எழுதுவது.

மூன்று தடவை கூப்பிட்டேன். உன் போனில் அந்த இயந்திரப் பெண் பேசுகிறாளே தவிர நீ பேசுவதில்லை. ஆகவே உங்கள் வீட்டு வழக்கப்படி நானும் காகிதம் எடுத்திருக்கிறேன். எழுதக் கூடாது என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

உன் அம்மா யார்க்டனில் இல்லை. ஜூன் இருபத்தெட்டாம் தேதியிலிருந்து பண்ணை வீட்டில் இருக்கிறாள். அறையைக் காலி செய்துவிட்டார்கள்.

நீ போடச் சொன்ன டெபாசிட்டிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை ஒரு சென்ட் வராது. வருகிறபோதும் பதினாலாயிரத்து சொச்சம், மூன்று மாத வாடகைக்குக் காணும். மே மாதத்துக்குத் தானிய லாரியை விற்றுக் கட்டினார். ஜூனுக்கு நான் மூவாயிரம் கொடுத்தேன். அதற்கு மேல் என்னிடமும் இல்லை. இரண்டு பேருமாக வங்கிக்குப் போய் நின்றோம். அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

"அஞ்சு வருஷத்துக்குத் திறக்க முடியாது. கணக்கு வச்சிருக்கிறவர் இறந்துட்டா மட்டும்தான்..." என்று இழுத்தாள்.

உன் அப்பாவுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. "அப்ப நான் செத்தா பாவ்லினாவுக்கு அறை கிடைக்கும். அதையும் ஒரு தாள்ல எழுதிக் குடும்மா" என்றார். அங்கேயே அவரை அடித்திருப்பேன்.

பண்ணையில் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்கிறேன், கேள். காது கேட்காத மனிதர், நினைவில்லாத மனைவி. ஜூலை முதல் வாரத்தில் ஒரு விடியலில் அவள் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள், இவருக்குக் கேட்கவில்லை. எல்மர்தான் கனோலாவுக்குள்ளிருந்து தூக்கிவந்தான், இரவுச் சட்டையோடு, கால் முழுக்க ரத்தம். அன்றிலிருந்து வைக்கோல் கட்டும் கயிறு ஒன்றை அவள் மணிக்கட்டிலும் தன் வலது மணிக்கட்டிலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார், பகலும் இரவும். அவள் எழுந்தால் இழுக்கும். எழுபத்திரண்டு வயதில், குடலிறக்கத்தோடு, அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார்.

"பையனுக்கு எழுதுங்க" என்றேன்.

"என்னன்னு எழுத? நீ சொன்னதைச் செஞ்சேன், இப்படி ஆச்சுன்னா? அவன் அதைத் தூக்கிக்கிட்டே வாழ்நாள் பூரா நடக்கணுமா? அவன் சரியாத்தான் சொன்னான். வங்கியில கேட்ட கேள்விக்கு எனக்குத்தான் பதில் தெரியல."

இதுதான் அவர் சொன்னது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை, லெவ்கோ. இரண்டு வருடமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு உன்னைத் தெரியாமல் போய்விடும் என்றுதானே? அவளுக்கு என்னையும்தான் தெரிவதில்லை. நான் ஞாயிறுதோறும் போகிறேன். சூப் வைத்துக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்தெஃபா

*

கிட்டிமாட்
17 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

சித்தியின் கடிதம் வந்தது. நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

ஏன் சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருக்கலாமே? "அம்மா சுகம்" என்று எழுதினால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? தகவலை மறைத்துவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பூட்டச் சொல்லி நான் எழுதவில்லை. கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் பணம் தேவைப்படுமா என்று ஒருத்தி கேட்டால், தேவைப்படும் என்று சொல்ல இஞ்சினியர் வேண்டியதில்லை. அந்த ஃபண்டைப் பற்றி நான் சொன்னதும் தப்பில்லை. உங்கள் யூனிட் இப்போது பதினேழு தொண்ணூறு. சாதாரண ஃபண்டு எப்போதோ பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் பதினேழு தொண்ணூறு என்றால், விற்றதில் எண்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று அறுபது போய்விட்டது. பதினைந்து சென்ட்டும் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பார்த்தேன். விடாமல் வைத்திருந்தால் அறுநூற்று இருபது மட்டும் போதாமல் இருந்திருக்கும். அதை நான் அனுப்பியிருக்கலாம். என் ஒரு நாள் சம்பளம் அது.

சித்தி சொன்னதும் உண்மை. அம்மா என் முகத்தைப் பார்த்து யாரென்று தேடும் அந்த ஒரு நிமிடத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வரவில்லை. வேலை என்றது பொய்.

நாலாயிரத்து எழுநூறுக்குச் செக் வைத்திருக்கிறேன். மாதாமாதம் அனுப்புகிறேன். உடனே அறையைத் திரும்ப எடுங்கள். அக்டோபரில் விடுப்புக் கிடைக்கும், வருகிறேன்.

லெவ்கோ

*

கனோரா
3 செப்டம்பர் 2025

லெவ்கோ,

17ஆம் தேதியிட்ட உன் கடிதமும் அத்துடன் இருந்த செக்கும் வந்து சேர்ந்தன.

நீ சொன்னபடி ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி. ஐந்து வருடம் என்று அதில் எங்கும் இல்லை. அதிக வட்டி என்றுதான் இருக்கிறது. அம்மா என்ற சொல்லும் ஒரே இடத்தில் இருக்கிறது, கடைசியில், பிறகு பேசிக்கொள்ளலாம் என்பதற்குப் பக்கத்தில்.

செக்கைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த அறையில் இப்போது கம்சாக்கிலிருந்து வந்த ஒரு கிழவி இருக்கிறாள். காத்திருப்போர் பட்டியலில் உன் அம்மா பதினேழாவது. "யாராவது போனாத்தான் இடம் வரும்" என்றார்கள். பதினாறு பேர் போக வேண்டும் என்று நான் உட்கார்ந்து ஜெபம் பண்ண முடியாது. இல்லாத அறைக்கு வாடகை எதற்கு?

அக்டோபரில் வருவதும் வராததும் உன் சௌகரியம். வந்தால் எல்மர் வீட்டில் படுத்துக்கொள். புது முகம் உள்ளே வந்தால் அவள் மூன்று நாள் சாப்பிடுவதில்லை.

உன் கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில்தான் இருந்தாள், இருந்தாக வேண்டுமே. தாளைத் தொட்டுப் பார்த்தாள். எண்கள் மேல் விரல் வைத்துக்கொண்டே போனாள்.

"யாரு எழுதியிருக்கா?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் அது என்று கேட்பாள், பிறகு அதற்கும் சொல்ல வேண்டும்.

"வங்கியிலேர்ந்து" என்றேன்.

"நாம ஏதாவது குடுக்கணுமா?"

"இல்ல. எல்லாம் குடுத்தாச்சு."

"அப்ப பதில் போட்டுடுங்க. இல்லேன்னா மறுபடி மறுபடி எழுதிக்கிட்டே இருப்பாங்க."

அதற்காகத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரெஸ்ட் ஹ்ராப்சுக்